ஞாயிறு முதல் வியாழன் வரை

14 ஜூலை 2024, ஞாயிறு, ஜெலுத்தோங், பினாங்கு

பசியாறும்போது அக்கா மகள் கேட்டாள்: "சித்தி, ரோமியோ காலையில வேற பொண்ணுக்காக அழுறான். ராத்திரி ஜூலியட்டுங்கிறான். இதைப் போய் உண்மைக் காதல்னு எப்படி எழுதுறது?" என்னோடு தங்கிப் படிக்கிறாள், படிவம் 5, மேல்நிலைப் பள்ளியில். இலக்கியப் பாடத்துக்கு வெள்ளிக்கிழமை கட்டுரை கொடுக்க வேண்டும்.

ஷேக்ஸ்பியரின் இந்த 'ரோமியோ ஜூலியட்' நாடகம் ஒரு ஞாயிறு காலையில் தொடங்கி வியாழன் விடியலில் முடிந்துவிடும். ஜூலியட்டின் பிறந்தநாள் ஜூலை 31 இரவு. அதற்கு இன்னும் இரண்டு வாரமும் சில நாளும் இருப்பதாகத் தாயும் தாதியும் பேசிக்கொள்கிறார்கள். கணக்குப் பார்த்தால் கதை நடப்பது ஏறக்குறைய இதே வாரம்! சரி, அன்றன்று நடப்பதை அன்றன்றே படிப்போம் என்றேன்.

அவன் முதலில் உருகிய ரோசலினுக்கு நாடகத்தில் ஒரு வரி கூடப் பேச்சில்லை. எல்லாம் அவனே பேசுகிறான். தொல்காப்பியர் ஏழு திணைகளில் முதலில் வைத்த கைக்கிளை இதுதான், ஒருதலைக் காமம். ஆனால் இரவு விருந்தில் ஜூலியட்டைப் பார்த்ததும் இருவரும் பேசும் முதல் 14 வரிகள் சேர்ந்து ஒரு சானட், அதாவது 14 வரிக் கவிதை, ஆகின்றன. முதல் நான்கு வரி அவனுக்கு, அடுத்த நான்கு அவளுக்கு, மிச்சம் இருவருக்கும். அவன் எடுத்த பாட்டில் அவளும் சேர்ந்துகொள்கிறாள். நாங்களும் ஆளுக்கொரு பங்காக உரக்கப் படித்தோம். இரண்டாம் தடவை படிக்கும்போது அவள் முகம் மாறியது.

15 ஜூலை, திங்கள்

ஜூலியட் மாடத்திலும் ரோமியோ கீழே தோட்டத்திலுமாக நின்று பேசும் மாடக் காட்சியை எல்லாரும் இனிப்பாகவே நினைக்கிறார்கள். ஜூலியட் அங்கே பயப்படுகிறாள். தேயும் நிலவின் மேல் சத்தியம் செய்யாதே என்கிறாள். இது மின்னலைப் போல மிகத் திடீரென்று வருகிறது என்கிறாள். மயங்கிக் கிடப்பவளுக்கு இந்தத் தெளிவு வராது.

எனக்கு 17 வயதில் பட்டர்வொர்த் ஃபெர்ரியில் தினமும் ஒருவரைப் பார்ப்பேன். ஒரு வருடம். ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் குரல் எப்படி இருக்கும் என்று இன்றுவரை தெரியாது. அவரை நினைத்துக் கவிதை எழுதினேன், சாப்பிடாமல் இருந்தேன். அந்த வலி பொய்யில்லை. ஆனால் அதில் அவர் எங்கே இருந்தார்? இதை முதல் முறையாக இன்று அவளிடம் சொன்னேன்.

16 ஜூலை, செவ்வாய்

வேலை முடிந்து வந்து, சமைக்காமல் ரொட்டி சானாய் வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். எனக்கு இந்த நாடகமே இந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

பகைக் குடும்பத்துப் பெண்ணான ஜூலியட்டை நேற்று ரகசியமாகத் திருமணம் செய்துகொண்ட ரோமியோ, அவளுடைய மாமன் மகன் டிபால்ட்டைச் சண்டையில் கொன்றதற்காக நாடு கடத்தப்பட்டு, விடியும் முன்பே போகிறான். இது தெரியாத ஜூலியட்டின் அப்பா, பாரிஸ் என்ற பிரபுவைக் கட்டிக்கொள், இல்லையென்றால் தெருவில் பட்டினி கிடந்து சாவாய் என்கிறார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பால் கொடுத்து வளர்த்த தாதியிடம் ஜூலியட் ஓடுகிறாள். ரகசியத் திருமணத்துக்குத் தூது போன அதே தாதி, பாரிஸையே கட்டிக்கொள் என்கிறாள். அதற்கு மேல் ஜூலியட் வீட்டில் யாரிடமும் மனம் திறப்பதில்லை. திருமணம் செய்துவைத்த பாதிரியாரிடம் மட்டும் உதவி கேட்கிறாள். 14 வயது கூட நிறையவில்லை.

குடித்தால் 42 மணி நேரம் இறந்தவள் போலக் கிடக்கச் செய்யும் என்று பாதிரியார் கொடுத்த மருந்துக் குப்பியோடு இரவில் தனியாக நிற்கிறாள். இது விஷமாக இருந்தால்? அந்த நேரம் முடியும் முன்பே கல்லறையில் கண் விழித்தால்? பக்கத்தில் டிபால்ட்டின் பிணம் கிடக்குமே? ஒவ்வொன்றையும் நினைத்து நடுங்குகிறாள், பிறகு குடிக்கிறாள். இதை யாராவது மயக்கம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரோமியோவைப் பற்றிக் கேட்டால் தயங்குவேன். இளைஞர்களின் காதல் இதயத்தில் இல்லை, கண்ணில் இருக்கிறது என்று பாதிரியார் அவனைக் கடிந்துகொண்டதில் நியாயம் உண்டு. ஜூலியட் விஷயத்தில் தயக்கமே இல்லை.

ரொட்டி ஆறிப்போனது.

17 ஜூலை, புதன்

ஜூலியட் உண்மையில் இறக்கவில்லை என்று பாதிரியார் எழுதிய கடிதத்தைக் கொண்டுபோனவர் இருந்த வீட்டைக் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் பூட்டி முத்திரை வைத்துவிட்டதால் அது ரோமியோவுக்குப் போய்ச் சேரவில்லை. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது என் கணவர் ஜொகூரில் மாட்டிக்கொண்டார். மாநிலம் தாண்ட முடியவில்லை. எங்களுக்குக் கைப்பேசி இருந்தது.

18 ஜூலை, வியாழன்

விடிகாலை எழுந்து, பாங்குச் சத்தம் கேட்கும்போது கல்லறைக் காட்சியைப் படித்தோம். ஜூலியட் விழிக்கிறாள். அவள் இறந்துவிட்டாள் என்று நம்பி விஷம் குடித்த ரோமியோ இறந்து கிடக்கிறான். ஆள் வரும் சத்தம் கேட்டதும் பாதிரியார் பயந்து, வா போகலாம் என்கிறார். அவள் வரவில்லை. அவர் ஓடிவிடுகிறார்.

அக்கா மகள் புத்தகத்தை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "எல்லாரும் போயிட்டாங்க சித்தி. அவ மட்டும் போகல."

அப்புறம் பழைய முதல் பத்தியைக் கிழித்துவிட்டு, பள்ளிப் பேருந்து வரும்வரை எழுதிக்கொண்டே இருந்தாள்.