ஆப்பிள் காய்த்ததா, இல்லையா?

மே மாதம் பிறந்தால் போதும், எங்கள் வீட்டுக்காரர் மேல் ஏதோ இறங்கிவிடும். மே தினத்தில் முடியும் 'தி விக்கர் மேன்' என்ற 1973ஆம் வருடத்துப் பிரிட்டிஷ் திகில் படத்தைப் போட்டுவிட்டு, கூடவே தன் வாயையும் ஓடவிடுவார். படத்தில் வசந்தம் பூத்துக் குலுங்குகிறதே, அது 1972 இலையுதிர் காலத்து ஸ்காட்லாந்துக் குளிராம். மரத்திலிருப்பது ஒட்டவைத்த பூவாம். வாயிலிருந்து ஆவி வராமலிருக்க நடிகர்கள் ஐஸ் கட்டியைச் சப்பினார்களாம். தீவுப் பிரபுவாக வரும் கிறிஸ்டோபர் லீ சம்பளமே வாங்காமல் நடித்தாராம். அவர் வாங்காத சம்பளத்துக்கு இவர் வருடா வருடம் ரசீது கொடுக்கிறார்.

நேற்று அத்தையும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "பயப்படுவீர்கள் அம்மா" என்று எச்சரித்தார் மகன். அத்தையாவது, பயமாவது! மின்கட்டண ரசீதைத் தவிர எதற்கும் அசையாத உடம்பு அது.

காணாமல் போன சிறுமியைத் தேடித் தீவுக்கு வரும் காவலர் ஹோவியை அத்தைக்குப் பார்த்தவுடனேயே பிடிக்கவில்லை. "அடுத்தவர் ஊருக்கு வந்து இப்படியா அதட்டுவது?" தொண்டை வலிக்காக ஒரு சிறுமியின் வாயில் தவளையை விட்டு எடுக்கும் காட்சியில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். "மிளகுக் கஷாயம் போதுமே" என்று அத்தை வைத்தியத்தில் இறங்கிவிட்டார்கள்.

ஆனால் விடுதிச் சாப்பாட்டுக் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆப்பிளுக்குப் பேர்போன தீவில், காவலர் ஓர் ஆப்பிள் கேட்டால் இல்லை என்கிறார்கள். டப்பாப் பழம்தான் வருகிறது. "விளைச்சல் பொய்த்துவிட்டது. இனி யார் தலையிலாவது விடியும்." படம் பாதி கூட ஓடவில்லை. மொத்தக் கதையும் வெளியே வந்துவிட்டது. வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எனக்கும் இந்தப் படம் அலுப்பதில்லை என்பதை அவரிடம் சொல்ல மாட்டேன். இருட்டு அறை இல்லை, பேய் இல்லை. கெட்டவர்கள் என்று தனியாக யாரும் இல்லை. பட்டப்பகலில், கடலோர மேட்டில், ஊரே கைகோத்துச் சிரித்தபடி பாடுகிறது. விளைச்சலுக்குப் பலியாக ஹோவியை அடைத்துக் கொளுத்திய, மனித வடிவப் பிரம்புக் கூண்டுக்குள்ளிருந்து அந்த ஆள் பைபிள் சங்கீதத்தைப் பாடிக் கர்த்தரைக் கூப்பிடுகிறார். இரண்டு பாட்டும் பக்திப் பாட்டுதான். அதுதான் வயிற்றைப் பிசைகிறது.

படம் முடிந்ததும் அத்தை கேட்டார்கள்: "சரி, அடுத்த வருஷம் ஆப்பிள் காய்த்ததா?"

"படம் அதோடு முடிந்துவிட்டது அம்மா."

"அதெப்படி? காய்க்கவில்லையென்றால் அந்த நெட்டைப் பிரபுவைத்தானே அடுத்து அந்தப் பிரம்புக் கூண்டில் ஏற்றுவார்கள்?"

சாகப்போகும் ஹோவி படத்தில் சொல்வதும் இதையேதான். அத்தைக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை புரியாது. வீட்டுக்காரர் பூரித்துப்போய், "இன்னொரு படம் இருக்கிறது அம்மா, நாளைக்குப் பார்க்கலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அவர் சொல்வது 2006இல் நிக்கோலஸ் கேஜ் நடித்து வந்த மறு ஆக்கம். அதில் ஆப்பிளே கிடையாது, தேன்தான். மாலைக்குள் அத்தையிடம் இதை அவரே சொல்லிக்கொள்ளட்டும். நான் கோயிலுக்குப் போகிறேன்.