37 செ.மீ. கையும் பொருந்தாத பட்டையும்

என் மேற்கையின் சுற்றளவு 37 செ.மீ. என்பதைக் கர்ப்பத்தின் 28-ஆம் வாரம் வரை எவரும் அளந்து பார்க்கவில்லை. அளக்க வேண்டிய ஒன்று அது என்பது எனக்கும் தெரியாது. என் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) 34, அதாவது உடல் பருமன் என்பதால் தொடக்கத்திலேயே சர்க்கரைப் பரிசோதனை, 12-ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின், மொத்தத்தில் 5 முதல் 9 கிலோ வரை எடை கூடினால் போதும் என்ற அறிவுரை, எல்லாம் முறையாகவே நடந்தன.

அன்று ரத்த அழுத்தம் பார்க்கக் கட்டிய பட்டை, காற்று ஏற ஏறப் பிரிந்து விலகியது. செவிலியர் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மீண்டும் அளந்து, 152/98 என்று எழுதினார். பெரிய பட்டை இருக்கிறதா என்று கேட்டேன். “உடம்பக் குறைச்சிருந்தா இதுவே போதும்மா” என்றார். கர்ப்பக் காலத்தில் எடையைக் குறைக்க முயலவே கூடாது என்று எச்சரித்தவர் அதே மருத்துவமனையின் மருத்துவர்தான்.

கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் ப்ரீ-எக்லாம்ப்சியாவாக இருக்கலாம் என்று உடனே சேர்த்துக்கொண்டார்கள். உடல் பருமன் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து உண்மையிலேயே கூடுதல் என்பதால் மறுத்துப் பேச எனக்குத் துணிவில்லை. சிறுநீரில் புரதம் இல்லை; ரத்தப் பரிசோதனைகளிலும் குறை இல்லை. இரவுப் பணிக்கு வந்த மருத்துவர்தான் என் கையை டேப்பால் அளந்து, வேறொரு வார்டிலிருந்து பெரிய பட்டையை வரவழைத்தார்: 126/80. பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும் என்று விளக்கினார். மறுநாள் மாலை வரை திரும்பத் திரும்ப அளந்தும் ஏறாததால் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆகவே, முதல் வருகையிலேயே கையை அளக்கச் சொல்லி, எந்த அளவுப் பட்டை தேவை என்பதைக் கோப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். அதற்காக, ரத்த அழுத்தம் கூடுதலாகக் காட்டினாலே பட்டைதான் காரணம் என்று இருந்துவிட வேண்டாம். கடுமையான தலைவலி, பார்வை மங்குதல், வலப்பக்க மேல்வயிற்றில் வலி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே போக வேண்டும். வயிற்றுக் கொழுப்பினால் 20-ஆம் வார ஸ்கேனில் குழந்தையின் இதயம் தெளிவாகத் தெரியாமல் போகலாம். என்னை இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள், அதற்கும் ஒரு நாளை ஒதுக்கி வையுங்கள்.

முதுகில் மயக்க ஊசி போடுவது கடினமாக இருக்கலாம் என்பதால் 34-ஆம் வாரத்தில் மயக்க மருத்துவரையும் முன்கூட்டியே பார்த்தேன். அங்கிருந்த புதிய செவிலியர் வழக்கமான பட்டையை எடுத்தார். கோப்பைத் திறந்து, சிவப்பு மையில் எழுதியிருந்த வரியைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் பெரியதைக் கொண்டுவந்தார்.