முட்டை உரிக்கும் வித்தை
ஊரிலிருந்து அன்றைக்கே இட்ட நாட்டுக்கோழி முட்டை வந்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான், வேகவைத்து உரித்தால் ஓட்டோடு பாதி வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்துவிடும். புது முட்டைக்குள் கரியமில வாயு அதிகம். நாளாக நாளாக அது ஓட்டின் நுண்துளைகள் வழியாக வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடி, சவ்வின் பிடி தளரும். அதனால் ஒரு வாரம் பொறுங்கள். அப்புறம் பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றாமல், கொதிக்கிற தண்ணீரில் கரண்டியால் மெதுவாக இறக்கி 10 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர். மழுங்கிய பக்கத்தில்தான் காற்றறை இருக்கிறது, அங்கே தட்டி ஆரம்பித்தால் சவ்வும் சேர்ந்தே கழன்று வரும்.

சாயங்காலம் பஜ்ஜிக்குக் கை போகிற நேரத்தில் இரண்டு முட்டை, மிளகுத்தூள், உப்பு, அவ்வளவுதான், 10 முதல் 12 கிராம் வரை புரதம். மஞ்சள் கருவைத் தூக்கிப் போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.