இரண்டு கூடாவை ஒரே மெஷினில் வைத்துப் பட்ட பாடு

கிராபிக்ஸ் கார்டைக் கணக்குப் போட வைக்கும் என்விடியாவின் டூல்கிட்டுக்குக் கூடா (CUDA) என்று பெயர் வைத்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது. ஆனாலும் அதன் 11.8 பதிப்பும் 12.1 பதிப்பும் ஒரே மெஷினில் கூடவே கூடாது என்று ஐந்து நாள் என்னைப் படுத்தியபோது, பெயர்ப் பொருத்தம் அபாரம் என்று தோன்றியது. இத்தனைக்கும் தப்பு முழுக்க என்னுடையது.

நான் இருப்பது காட்பாடி. மெஷின் இருப்பது சத்துவாச்சாரியில், நண்பர் ஒருவரின் ஆபீஸில். ஓஎஸ் உபுண்டு 22.04, 12 ஜிபி 3060 கிராபிக்ஸ் கார்டு, அதை இயக்கும் 535 டிரைவர், கூடா 12.1. நானும் இன்னொரு தம்பியும் எஸ்எஸ்எச் வழியாக, அதாவது தூரத்திலிருந்தே உள்ளே நுழைந்து, பயன்படுத்துகிறோம். ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் படங்களில் கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாம் கண்டுபிடிக்கும் பழைய புராஜெக்ட் ஒன்று என்னிடம் வந்தது. அது கூடா 11.8-க்கான பைடார்ச்சில் (ஏஐ மாடல்கள் எழுதும் லைப்ரரி) எழுதியது. பைடார்ச் மட்டும் என்றால் பிரச்சினையே இல்லை, ஓடுவதற்கு வேண்டிய கூடா ஃபைல்களை (ரன்டைம்) அதுவே கொண்டுவந்துவிடும். ஆனால் இதில் கம்பைல் செய்ய வேண்டிய எக்ஸ்டென்ஷன் ஒன்று இருந்தது. அதற்கு 11.8 டூல்கிட் வேண்டும்.

அந்த டூல்கிட்டின் இன்ஸ்டாலரை, நாலு ஜிபிக்கு மேல் இருக்கும் ரன் ஃபைலை, இறக்கி ஓட்டினேன். பேக்கேஜ் மேனேஜர் வழியாகப் போட்ட டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது, தொடரவா, நிறுத்தவா என்று கேட்டது. தொடர் என்றேன். அடுத்த பட்டியலில் டிரைவருக்கு எதிரே டிக் இருந்தது. அதையும் எடுக்கவில்லை. முடிந்ததும் ரீபூட் கொடுத்தேன்.

மெஷின் திரும்பி வரவில்லை.

டிரைவர் கெட்டுப்போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் ஞாயிறு. பஸ் பிடித்து, பாலாற்றுப் பாலத்து நெரிசலில் அரை மணி நேரம் வெந்து போய்ச் சேர்ந்தால், ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. "இன்னா தம்பி, ஞாயித்துக்கெழம வந்து நிக்கிற? சாவி குடியாத்தத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கு" என்றார் வாட்ச்மேன். சாவிக்கு யார் வீட்டுக் கல்யாணமோ.

திங்கள் மறுபடி போனேன். திரையில் ஒரே ஒரு வரி: தொடர எஃப்1 அழுத்தவும். நான் ரீபூட் போட்ட நேரம் பார்த்து அந்தப் பக்கம் கரண்ட் போயிருக்கிறது, யுபிஎஸ்ஸும் தாங்கவில்லை, மதர்போர்டு பேட்டரி ஏற்கெனவே செத்திருந்ததால் பயாஸ் செட்டிங் எல்லாம் போய், எவனாவது வந்து அழுத்துவான் என்று மெஷின் இரண்டு நாளாகக் காத்திருக்கிறது. கூடாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பட்டனுக்கு இரண்டு பயணம்.

அழுத்தினேன், வந்தது. கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கமாண்டை அடித்தால் வலது மூலையில் கூடா 11.8! வேலை முடிந்தது என்று பஸ் ஏறினேன். வீடு சேர்வதற்குள் தம்பியின் போன்: "அண்ணா, என் டிரெயினிங் ஓட மாட்டேங்குது. டிரைவர் ரொம்பப் பழசாம், 11080-னு ஏதோ சொல்லுது."

விஷயம் இதுதான். 11080 என்றால் 11.8. எஸ்எம்ஐ காட்டும் எண் நீங்கள் போட்ட டூல்கிட்டின் எண் இல்லை. இந்த டிரைவர் எந்த கூடா வரைக்கும் தாங்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. நியாயமாக எனக்கு முன்பே சந்தேகம் வந்திருக்க வேண்டும். 12.1 போட்டிருந்தபோதே அங்கே 12.2 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது, ஏனென்றால் 535 டிரைவர் அதுவரை தாங்கும். ரன் ஃபைலோடு வந்தது 520. கூடா 12-க்குக் குறைந்தது 525 வேண்டும். அதாவது 11.8-ஐப் போடுகிறேன் என்று தம்பியின் 12.1-ஐக் கவிழ்த்திருக்கிறேன். உண்மையான டூல்கிட் எண்ணைச் சொல்வது, டூல்கிட்டோடு வரும் கம்பைலரான என்விசிசி. அதைக் கேட்டால் இன்னமும் 12.1 என்றது.

என்விடியா-அன்இன்ஸ்டால் ஓட்டி, 535-ஐ உபுண்டுவின் பேக்கேஜ் மேனேஜரான ஏபிடியில் திரும்பப் போட்டு, ரன் ஃபைலை இந்தத் தடவை டூல்கிட் மட்டும் என்ற ஆப்ஷனோடு ஓட்டியதில் டிரைவர் தகராறு தீர்ந்தது. ஏபிடி வழியாகவே 11.8 போடுவதாக இருந்தாலும் பெயரில் 'டூல்கிட்' இருக்கும் பேக்கேஜைத்தான் போட வேண்டும். வெறும் கூடா பேக்கேஜ் டிரைவரையும் இழுத்துக்கொண்டு வரும்.

அடுத்தது இரண்டுக்கும் நடுவே மாற்றிக்கொள்வது. யூஎஸ்ஆர் லோக்கலில் 11.8, 12.1 என்று இரண்டு ஃபோல்டர். வெறும் கூடா என்ற சிம்லிங்க், அதாவது குறுக்குவழி, இரண்டில் ஒன்றைக் காட்டும். அதை 11.8 பக்கம் திருப்பினேன். இரவு பதினொன்றரைக்குத் தம்பியின் இரண்டாவது போன், பில்ட் பாதியில் உடைந்துவிட்டதாம். சிம்லிங்க் ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி. பலர் பயன்படுத்தும் மெஷினில் அதைத் தொடாதீர்கள். அப்டேட்-ஆல்டர்னேடிவ்ஸ் கமாண்ட் வழியாக மாற்றினாலும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் மாறும்.

சரி, என் கணக்கில் மட்டும் மாற்றலாம் என்று டெர்மினல் திறக்கும்போது ஓடும் செட்டிங் ஃபைலான பாஷ்ஆர்சியில் 11.8-இன் 'பின்' (bin) ஃபோல்டரைப் பாத்தில் (PATH) சேர்த்தேன். இப்போது என்விசிசி 11.5 என்றது! நான் போடாத எண் எங்கிருந்து வந்தது? டைப் கமாண்டை மைனஸ் ஏ-யோடு அடித்துப் பார்த்தால் இரண்டு என்விசிசி. ஒன்று என்றைக்கோ யாரோ உபுண்டுவின் சொந்தப் பேக்கேஜாகப் போட்டு யூஎஸ்ஆர் பின் (/usr/bin) ஃபோல்டரில் கிடப்பது. பாத் என்பது கமாண்டைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல், ரேஷன் கடை வரிசை மாதிரி. முன்னால் நிற்பவருக்குத்தான் சரக்கு. பழைய 12.1 வரியை அழித்துவிட்டு 11.8-ஐ வரிசையின் கடைசியில் நிறுத்தியது நான்தான். முன்னால் கொண்டுவந்தேன், பழைய இடத்தை மறக்கச் சொல்லும் ஹாஷ் மைனஸ் ஆர் ஒரு தட்டு, 11.8 வந்தது.

பிறகும் கம்பைல் ஆகவில்லை. பைடார்ச் எக்ஸ்டென்ஷன் முதலில் பார்ப்பது, டூல்கிட் எங்கே என்று சொல்லும் கூடா ஹோம் என்ற வேரியபிளை. அதில் பழைய 12.1 அப்படியே இருந்தது. பைடார்ச்சின் கூடாவோடு ஒப்பிட்டு, மேஜர் எண் (புள்ளிக்கு முன்னால் இருப்பது) வேறு என்றால் எரர் கொடுத்து நின்றுவிடும், மைனர் (புள்ளிக்குப் பின்னால்) என்றால் எச்சரிக்கையோடு விட்டுவிடும். அதை மாற்றி, பழைய பில்ட் ஃபோல்டரையும் மொத்தமாக அழித்த பிறகு ஓடியது. சிமேக் என்ற பில்ட் கருவியை வைத்து வேலை செய்கிறவர்களும் இப்படி அழிக்க வேண்டும். முதல் தடவை கண்ட என்விசிசியை அது கேஷில் எழுதி வைத்துக்கொண்டு விடவே விடாது.

இப்போது பாஷ்ஆர்சியில் கூடா118, கூடா121 என்று இரண்டு ஃபங்ஷன். ஒவ்வொன்றும் கூடா ஹோம், பாத், லைப்ரரிகளைத் தேடும் இடத்தைச் சொல்லும் எல்டி லைப்ரரி பாத் மூன்றையும் சேர்த்தே மாற்றும். ஒரே டெர்மினலில் மாறி மாறி ஓட்டுவதில்லை, வேறு வேண்டுமென்றால் புது டெர்மினல். உபுண்டு 24.04 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி: அதன் சி கம்பைலரான ஜிசிசி 13-ஐக் கூடா 11.8 ஏற்காது. ஜிசிசி 11 தனியாகப் போட்டு அதைக் காட்ட வேண்டும்.

வியாழன் இரவு முதல் தோல் படத்தில் உண்ணித் தழும்பைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்தது. தம்பிக்குப் பிரியாணி வாங்கித் தந்து சமாதானம் செய்தாயிற்று. மதர்போர்டு பேட்டரியை மட்டும் இன்னும் மாற்றவில்லை.