அந்த ஒரு வரிய எடுக்கச் சொன்னது

போஸ்டருக்கு எழுதின அப்ஸ்ட்ராக்ட்ல, அதாவது ஆய்வுச் சுருக்கத்துல இருந்து அந்த ஒரு வரிய எடுத்துடும்மான்னு ஜூனியர் பொண்ணுகிட்ட நான் சொன்னது சரிதான்னு இன்னிக்கும் நினைக்கிறேன், ஆனா சரின்னா ஏன் இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்குன்னுதான் புரியல. பெங்களூர்ல எங்க லேப்ல தமிழ் பேசுறது நாங்க ரெண்டு பேர்தான், அதனால பேச்சு முழுக்க தமிழ்லயே போச்சு, பக்கத்துல இருந்தவங்களுக்கு ஒண்ணும் புரியல, எனக்கோ அவளுக்கோ சப்போர்ட்டா பேச மூணாவது ஆளே இல்ல.

வரி இதுதான்: வெளிய உப்பு ஏறினா பாக்டீரியாவுக்குள்ள அயனி அடர்த்தி கூடுது, அத உணர்ந்துதான் எங்க டிரான்ஸ்போர்ட்டர் கிளைசின் பீட்டைன உள்ள இழுக்குது. டிரான்ஸ்போர்ட்டர்னா செல்லோட சவ்வுல, அதாவது மெம்பிரேன்ல இருந்து வெளிய இருக்கறத உள்ள கொண்டுவர்ற புரோட்டீன், பீட்டைன்னா உப்புல செல் தண்ணிய இழக்காம காப்பாத்துற சின்ன மூலக்கூறு. டேட்டா சுத்தம், உப்பு போட்டதும், கார்பன்-14ங்கற கதிரியக்க அடையாளம் போட்ட பீட்டைன் உள்ள போற வேகம் எகிறுது. ஆனா அது முழு செல்லுல பண்ணது. உப்பு போட்டா தண்ணி வெளிய போயிடும், செல் சுருங்கும், டர்கர்ங்கற உள்ளழுத்தம் விழும், பொட்டாசியம் அடர்த்தி ஏறும், உள்ள இருக்கற புரோட்டீனெல்லாம் நெருக்கியடிக்கும், மெம்பிரேனும் மாறும், எல்லாமே ஒரே நேரத்துல, இதுல எது சிக்னல்னு எப்படி சொல்றது? புரோட்டீன தனியா பிரிச்சு லிப்போசோம்ல, அதாவது கொழுப்பால ஆன செயற்கைக் குமிழில வச்சு, உள்ள என்ன இருக்கணும்னு நாமளே முடிவு பண்ணாதான் சொல்ல முடியும். ஈ.கோலை பாக்டீரியாவோட ப்ரோபிங்கற டிரான்ஸ்போர்ட்டர் வேற எந்த புரோட்டீன் துணையும் இல்லாம தானே உணருதுன்னு 1999ல அப்படித்தான் காட்டினாங்க.

லாக்டோகாக்கஸ்ங்கற பாக்டீரியாவுலயும் ஓபூஏன்னு இதே வேலைய செய்ற ஒரு டிரான்ஸ்போர்ட்டர் இருக்கு. அத வச்சு அவ கேட்டா, "அக்கா, லாக்டோகாக்கஸ் ஓபூஏ-ல 2000ல மெம்பிரேனோட நிலைதான் சிக்னல்னு பேப்பர் போட்டாங்க, 2001ல அதே குரூப்தானே அயனி வலிமைன்னு போட்டாங்க? அவங்க போட்டுட்டு திருத்திக்கலாம், நான் மட்டும் ஏன் மொதல்லயே சரியா இருக்கணும்? எனக்கு ஃபெலோஷிப் மார்ச் வரைக்கும்தான்க்கா."

இதுக்கு நான் சொன்ன பதில், அவங்க ரெண்டு தடவையும் லிப்போசோம்ல பண்ணாங்க, நம்மகிட்ட அதுவே இல்லையேன்னு. உண்மைதான். ஆனா அவ கேட்டது அது இல்லன்னு அப்பவே எனக்கு தெரியும். லிப்போசோம் செட் பண்ண மாசக்கணக்காகும், மார்ச்சுக்குள்ள முடியாதுன்னு தெரிஞ்சுகிட்டேதான் சொன்னேன்.

ஓபூஏ அப்படித்தான், அதனால நம்மதும் அப்படித்தான்னும் விட்டுட முடியாது. கோரினிபாக்டீரியம்ங்கற பாக்டீரியாவுல பெட்பிங்கற பீட்டைன் டிரான்ஸ்போர்ட்டர் உள்ள ஏறுற பொட்டாசியத்த குறிப்பா பார்க்குது, அதோட சி-முனை வால, அதாவது புரோட்டீன் சங்கிலியோட கடைசிப் பகுதிய வெட்டிட்டா கட்டுப்பாடே போயிடும், ஓபூஏ-வுக்கோ எந்த அயனின்னு இல்ல, மொத்த அயனி வலிமை, கூடவே மெம்பிரேன்ல நெகட்டிவ் சார்ஜ் உள்ள கொழுப்பும் வேணும், ஒரே வேலைய செய்ற ரெண்டு புரோட்டீனே இவ்ளோ வேற மாதிரி இருக்கும்போது மூணாவத ஊகத்துல எழுத விடலாமா? விடக்கூடாது. இருந்தாலும், 'இருக்கலாம்'னு ஒரு வார்த்த சேர்த்து விட்டிருந்தா யாருக்கு என்ன போச்சு? ஆனா ஒரு தடவ 'இருக்கலாம்'னு அச்சாச்சுன்னா அடுத்த பேப்பர்ல அதுவே 'இருக்கு'ன்னு ஆயிடுது, நானே பார்த்திருக்கேன்.

வரிய எடுத்துட்டு, பீட்டைன் உள்ள போற வேகத்தோட டேட்டாவ மட்டும் வச்சு அவ போட்ட போஸ்டர யாரும் பெருசா கண்டுக்கல, மார்ச்ல அவ ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டா. லிப்போசோம் வேலைய அப்புறம் யாரும் எடுக்கல. எடுத்து, அவ எழுதின வரியே சரின்னு வந்திருந்தாலும் அன்னிக்கு நான் அதத்தான் சொல்லியிருப்பேன், அவளுக்கு அதுல நியாயம் இருந்திருக்காதுன்னும் தோணுது.