அறிவியல் பட்டறையைக் கூட்டாக நடத்தியபோது: சாவியிலிருந்து கேபிள் வரை

இடம் தர ஒரு நூலகம், பிள்ளைகளின் வீடுகளை அறிந்த உள்ளூர் அமைப்பு, சொல்லித்தர கல்லூரி மாணவர்கள். இந்த மூன்று தரப்பும் கூடினால் எலக்ட்ரானிக்ஸ் பட்டறையைத் தொடங்கிவிடலாம். எட்டு வாரம் இழுத்துக்கொண்டு போவதுதான் பாடு.

முதல் கூட்டத்தில் பாடத்திட்டம் பேசவில்லை. அறைச் சாவி யாரிடம், பிள்ளை வராவிட்டால் வீட்டுக்கு யார் பேசுவது, உடைந்த பொருளை யார் வாங்கித் தருவது என்று ஒரு பக்கத்தில் எழுதி மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டோம். நேரத்தை உள்ளூர் அமைப்பிடமே விட்டோம். தன்னார்வலர்களான கல்லூரி மாணவர்களுக்கு வசதியான மாலை வேளை, பல பெண் பிள்ளைகளுக்குத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேளை. சின்னவர்களையும் கூட்டிவரலாம் என்று சொல்லி, மூலையில் காகித வேலைக்கு ஒரு பாய் விரித்தால் பாதிப் பிரச்சினை தீரும். அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் பட்டன் பேட்டரி மட்டும் இருக்கவே கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பெற்றோர் சம்மதப் படிவம் அவர்கள் பேசும் மொழியில் இருக்க வேண்டும். பங்கேற்க ஒரு கையெழுத்து, புகைப்படத்துக்குத் தனிக் கையெழுத்து. இரண்டையும் ஒன்றாக்கினால், படம் வேண்டாம் என்கிற வீட்டுப் பிள்ளை பட்டறையையே இழக்கும். எந்நேரமும் அறையில் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும்.

20 பேருக்கு 12 பெட்டிகள்: இருவருக்கு ஒன்று, இரண்டு உபரி. மூவருக்கு ஒன்று என்றால் மூன்றாவது ஆள் வேடிக்கைதான் பார்ப்பார். ஒவ்வொரு பெட்டியிலும் ஆர்டுயினோ ஊனோ வகைப் பலகை (கணினியில் எழுதிய நிரலை ஏற்றி இயக்கும் சிறு மின்சுற்றுப் பலகை), பிரெட்போர்டு (பற்றவைக்காமல் வயர்களைச் செருகி மின்சுற்று அமைக்கும் துளைப் பலகை), 10 எல்இடி, 220 ஓம் மின்தடை 10, இணைப்பு வயர்கள், யுஎஸ்பி கேபிள். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். அவர் விசைப்பலகையைத் தொடக்கூடாது. சொல்லித்தருவதில் இது ஒன்றுதான் கறாரான விதி.

முதல் நாளைக் கெடுப்பது பெரும்பாலும் மின்சுற்றே இல்லை. நன்கொடையாக வந்த லேப்டாப்பில் நிர்வாகி கடவுச்சொல் என்னவென்று நமக்குத் தெரிந்திருக்காது. மலிவுப் பலகைகள் பலவற்றில் யுஎஸ்பி வழியே கணினியோடு பேச சிஎச்340 என்ற சிப் இருக்கும். அதற்கான டிரைவர் மென்பொருள் லேப்டாப்பில் இல்லாவிட்டால் போர்ட் (இணைப்பு வாயில்) பட்டியலில் பலகை வராது, நிறுவவோ அந்தக் கடவுச்சொல் வேண்டும். சில கேபிள்கள் சார்ஜ் மட்டும் செய்யும், தரவைக் கடத்தாது. பலகையில் விளக்கு எரிவதால் எல்லாம் சரி என்று தோன்றும். அதனால் முந்தைய நாளே ஒவ்வொரு லேப்டாப்பிலும் ஒவ்வொரு கேபிளிலும் விளக்கைச் சிமிட்ட வைக்கும் 'பிளிங்க்' நிரலைப் பலகையில் ஏற்றிப் பார்த்து, தேறியதில் பச்சை நாடா ஒட்டினோம். மென்பொருளை முன்கூட்டியே நிறுவிவிட்டால் அன்று இணையம் இல்லாமலே சமாளிக்கலாம்.

அடுத்த சிக்கல் நீளமான பிரெட்போர்டு. சிலவற்றில் ஓரத்து மின்கோடு நடுவில் அறுந்திருக்கும். பாதிக்கு மேல் எதுவும் எரியாது. ஒரு துண்டு வயரால் இணைத்தால் சரி. மின்தடை ஏன் என்பதைக் கணக்காகவே செய்யவிடலாம்: 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 எடுத்துக்கொள்ளும், மீதி 3 வோல்ட்டை 220 ஆல் வகுத்தால் சுமார் 14 மில்லியாம்பியர். ஊனோ ஆர்3 பலகையின் ஒரு பின்னுக்கு (இணைப்பு முனைக்கு) உச்ச வரம்பு 40 மில்லியாம்பியர். மின்தடையை விட்டுவிட்டால் எல்இடியோடு பின்னும் போகலாம். சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்) திரும்பும்போதெல்லாம் பலகை முதலிலிருந்து தொடங்கினால் நிரலில் தேடி நேரத்தைக் கொல்ல வேண்டாம். யுஎஸ்பி மின்சாரம் போதவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்து, பேட்டரி, பலகை இரண்டின் கிரவுண்டையும் (எதிர்மின் முனையையும்) இணைக்க வேண்டும்.

90 நிமிடத்தில் கடைசி 15 நிமிடம் எண்ணி அடுக்குவதற்கு. பெட்டி மூடியின் உள்பக்கம் பொருட்பட்டியல் ஒட்டி, பிள்ளைகளையே சரிபார்க்கச் சொன்னோம். ஆறாம் வாரத்திலிருந்து டிரைவர் நிறுவுவது, கேபிள் சோதிப்பது இரண்டையும் மூத்த பிள்ளைகள் நால்வரிடம் ஒப்படைத்தோம். எட்டாம் வாரம் முடிந்ததும் பெட்டிகள் கல்லூரிக்குத் திரும்பவில்லை. கடவுச்சொல் எழுதிய தாளோடு நூலக அலமாரியில் வைத்தாயிற்று.