முட்டைக்கு என்ன ஆதாரம்?

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டு வளவுச் சுவரிலிருந்து தானாக உதிர்ந்த பூச்சு, கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். அதை வைத்துத்தான் என் முதல் கட்டுரை. சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு என்று பெருமையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். நாலரை மாதம் கழித்துப் பதில் வந்தது. கட்டுரையை மதிப்பிட்ட முதல் ரிவியூவர் ஐந்தே வரி. இரண்டாமவர் மூன்று பக்கம், பத்தொன்பது கேள்வி.

ஏழாவதுதான் சுருக்கென்றது. முட்டை கலந்திருக்கிறது என்கிறீர்கள், செய்திருப்பதோ எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன், படிகங்களைக் காட்டும் அந்தச் சோதனையில் முட்டையின் புரதம் எப்படித் தெரிந்தது என்று கேட்டிருந்தார்.

செட்டிநாட்டுச் சுவரில் முட்டை இருப்பது காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் டீ குடிப்பவருக்குக்கூடத் தெரியுமே! அன்று ராத்திரியே, "மதிப்பாய்வாளருக்கு இந்தப் பகுதிக் கட்டட மரபில் பரிச்சயம் இல்லை போலும்" என்று தொடங்கி ஒரு பதில் அடித்து கைடுக்கு அனுப்பினேன். சார் போனில் சொன்னது ஒன்றுதான்: "சுண்ணாம்பு மாதிரி இதையும் கொஞ்ச நாள் ஊறப் போடுங்க தம்பி."

(இந்தக் கோபம் ஐன்ஸ்டைனுக்கே வந்திருக்கிறது. 1936-இல் ஈர்ப்பலைகளே இல்லை என்று எழுதிய கட்டுரையை ஃபிசிக்கல் ரிவ்யூ இதழ் இன்னொருவரிடம் காட்டியதற்காகத் திரும்ப வாங்கிக்கொண்டார். தப்பு இருந்தது அவர் கணக்கில்தான். மறு வருஷம் வேறு இதழில் முடிவை மாற்றித்தான் வெளியிட்டார்.)

மூன்றாம் நாள் படித்தபோது புரிந்தது, அவர் கேட்டது நியாயம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து கால்சைட் படிகமாகிறது. எக்ஸ்ரேயில் நான் பார்த்தது அதை மட்டும்தான். வெள்ளைக்கரு அதில் தெரியவே தெரியாது. மறுபடி அகச்சிவப்பில் போட்டுப் பார்த்தேன். புரதம் இருந்தால் வரைபடத்தில் அலை எண் 1650 பக்கத்தில் ஒரு மேடு வரவேண்டும். வந்தது. ஆனால் சுவரிலுள்ள ஈரமும் 1640 பக்கத்தில்தான் மேடு காட்டும். 1540-இல் இன்னொன்று வரவேண்டும்; 1420-இல் நிற்கும் கார்பனேட் மலையின் சரிவில் அது இருக்கிறதா இல்லையா என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னோம்.

பதில் கடிதத்துக்குப் பத்து நாள் ஆனது. அவர் கேள்வியை ஒரு சொல் விடாமல் ஒட்டி, கீழே எங்கள் பதில், அதன்கீழ் திருத்திய பக்கம், வரி எண். பத்தொன்பது பதிலையும் நன்றியில் தொடங்கியிருந்தேன். சார் பதினெட்டு நன்றியை அடித்துவிட்டார், ஏழாவதை மட்டும் விட்டார். இரண்டாம் ரிவியூவர் ஒரே ஆசிரியரின் ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்லியிருந்தார் (யாருடையது என்று ஊகிக்க ஜோசியம் வேண்டாம்). பொருந்திய இரண்டைச் சேர்த்தோம், மற்றது ஏன் இல்லை என்று ஒரு வரி. சுவரில் துளை போட்டு இன்னும் மாதிரி எடுக்கச் சொன்னதற்கு மட்டும் முடியாது என்றோம். ஆட்கள் குடியிருக்கிற வீடு. அதையே ஆய்வின் குறையாகவும் எழுதிச் சேர்த்தோம். ஏற்றுக்கொண்டார்.

அச்சானதும் ஆச்சியிடம் கொண்டுபோனேன். முட்டை எங்கே இருக்கு, காட்டு என்றார். "கொத்தனார்களின் வாய்மொழிப்படி" என்ற வரியைப் படித்து, ஆதாரம் கேட்டவரைப் பற்றியும் சொன்னேன்.

"எங்க மாமனாரு சொன்னாக, கூடை கூடையா வந்து எறங்குச்சுன்னு. அத நம்பலையாக்கும். யாரு அவுக?"

"பேரு சொல்ல மாட்டாங்க ஆச்சி."

கடைசிப் பக்கத்தில் நன்றி என்று போட்டிருந்ததைக் காட்டினேன். முதலில் ஆச்சி பெயர், அடுத்து பெயர் தெரியாத இரண்டு மதிப்பாய்வாளர்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் பெயரை மட்டும் இரண்டு தடவை தடவிப் பார்த்தார்.